அப்பா கோடு போட்ட அட்டை

என் மருமகள் இந்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். ரயில் நிலையத்தில் அதற்காக ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். வீட்டார் ஒருவர் அவளைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். என் மகனைத்தான் கேட்டார்கள். அவன் முப்பத்தைந்து வருடமாக அவளுக்குப் பயந்து குடித்தனம் நடத்துகிறவன், அவன் எழுதினால் பாதி உண்மைதான் வரும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வாய் இருக்கிறது. நான் சொல்கிறேன், அவன் எழுதட்டும் என்று முடித்துவிட்டேன். நேர்மை, காலம் தவறாமை, இன்முகம் என்று தலைப்புகளும் கொடுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் அவளுடைய அதிகாரி பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு காரியம். அவள் என் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்த காரியம்.

அவள் இருக்கும் அறையை உங்களில் பலர் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் நடைமேடையின் கோடியில், பார்சல் அலுவலகத்தைத் தாண்டி, தண்ணீர்க் குழாய்க்கு எதிரே. பலகையில் ஏதோ நீளமான பெயர் இருக்கிறதாம், எல்லோரும் சொல்வது தொலைஞ்ச சாமான் ரூம். உள்ளே கூரை வரைக்கும் இரும்பு அடுக்கு. குடைக்கு ஒரு வரிசை, சாப்பாட்டு அடுக்குக்கு ஒரு வரிசை, கண்ணாடி போட்ட அலமாரியில் மூக்குக் கண்ணாடிகள். ஒரு பாட்டிலில் பல்செட்டுகள். ஒற்றைச் செருப்புகள் ஒரு கூடை. ஒரு முறை மரக்கால் ஒன்று வந்து ஏழு மாதம் கிடந்தது. அதை வண்டியில் விட்டுவிட்டு அந்த மனிதர் எப்படி இறங்கிப் போனார் என்று நாங்கள் வீட்டில் பேசாத நாள் இல்லை.

அங்கே வந்து என் குடை கறுப்புக் குடை என்று சொன்னால் நடக்காது. எல்லாக் குடையும் கறுப்புதானே. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வெளியே தெரியாத அடையாளம் ஒன்று சொல்லுங்கள் என்பாள். மூன்றாவது கம்பியை நீல நூலால் கட்டியிருக்கிறேன் என்று ஒரு அம்மா சொன்னாளாம், உடனே எடுத்துக் கொடுத்துவிட்டாள். கோட்டும் சூட்டுமாக வந்த ஒருவருக்குத் தன் பெட்டியின் உள்துணி என்ன நிறம் என்று தெரியவில்லை. அவரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள், அவர் யாரையெல்லாமோ தெரியும் என்று சொல்லிப் பார்த்தும் பலிக்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமாகி வந்த முதல் வாரம், என் கரண்டியைக் காணோம் என்றேன். புது மருமகள், பயந்துகொண்டு தேடுவாள் என்று பார்த்தால், "அதுல அடையாளம் ஏதாவது உண்டா அத்தை?" என்று கேட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கரண்டி என் கட்டிலுக்கடியில் கிடைத்தது. அதற்கப்புறமும் ஒரு நாள் பேசவில்லை.

இனி அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா மரக்கடையில் மரம் அறுக்கிறவர். பெரிய சண்டை வந்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிப் போனார். நான் அப்போது கைக்குழந்தை. போன இடத்தில் அவருடைய கூட்டத்தையே எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். மூன்றரை வருடத்துக்கு ஆள் இல்லை. வந்தது ஒரே ஒரு அட்டை. கைதிகள் வீட்டுக்கு எழுதவென்று அவர்களே அச்சடித்துக் கொடுத்த அட்டை. அதில் நான்கு வரி இருக்கும், பொருந்தாததை அடித்துவிட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அப்பாவுக்கும் என்னைப் போல எழுத்து வாசனை கிடையாது.

வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என் பெரியப்பா மகன். எட்டு வயது. அவன்தான் என் அம்மாவுக்கு அட்டையைப் படித்துக் காட்டினான். 'நலமாக இருக்கிறேன்' என்ற வரியை அடித்திருக்கிறது. 'தினமும் வேலை செய்கிறேன்' என்பதையும் அடித்திருக்கிறது. 'என் நினைவெல்லாம் உங்களோடு இருக்கிறது' என்பதை ஒன்றுக்கு இரண்டு கோடாக அடித்திருக்கிறது. அடிக்காமல் விட்டது ஒரே வரி. 'நோயுற்று மருத்துவமனையில் இருக்கிறேன்.'

சண்டை முடிந்து அப்பா வந்து சேர்ந்தார், எலும்பும் தோலுமாக. அம்மா அவரை ஒரு வருடம் தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை. பாலும் முட்டையுமாகக் கொடுத்தாள். அப்பா எதற்கு என்று கேட்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். அங்கே என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் சிரிப்பார். ஆஸ்பத்திரியிலேயே படுத்துக் கிடந்தீராமே என்று கேட்டாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே அவருக்கு ஆஸ்பத்திரிக்காரர் என்று பட்டப்பெயர் விழுந்தது. மற்றவர்கள் கல் உடைத்துச் செத்தபோது இவர் மெத்தையில் படுத்திருந்தார் என்று பேச்சு. எனக்குப் பதினேழு வயதில் அப்பா போய்விட்டார், பட்டப்பெயர் போகவில்லை.

அம்மா எதையும் கேட்கவில்லை. எப்போதாவது அரிசிப் பானையிலிருந்து அந்த அட்டையை எடுத்து, மூன்றாவது வரியை விரலால் தடவிவிட்டுத் திரும்ப வைப்பாள். நினைப்பே இல்லை என்று இரண்டு கோடு போட்டு அனுப்பிய மனிதரோடுதான் பதின்மூன்று வருடம் குடித்தனம் செய்தாள். பானையில் வைத்ததால் அட்டையின் ஒரு மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. கைதி எண் இருந்தது அந்த மூலையில்தான்.

அட்டை படித்த பையன் வளர்ந்து பள்ளிக்கூட வாத்தியாராகி ஓய்வும் பெற்றுவிட்டார். வாத்தியார் அண்ணன் என்போம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு ஆசை வந்தது. தன் தொண்ணூறாவது பிறந்த நாளுக்குள் குடும்ப மரம் ஒன்றைப் பெரிய பலகையில் எழுதி முன்னறையில் மாட்ட வேண்டுமாம். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே ஒரு வரி. 'மிட்டாய்க் கடை வைத்தவர்', 'மூன்று கிணறு வெட்டியவர்', இப்படி. என் அப்பா பெயருக்குக் கீழே என்ன போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்று போடலாமா என்றார்.

நான் அன்றைக்கு அவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன், ஊரார் குடையெல்லாம் தேடிக் கொடுக்கிறாயே, என் அப்பா என்ன செய்தார் என்று தேடிக் கொடு பார்க்கலாம் என்று.

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் தன் அறையிலிருந்து விண்ணப்பத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள், சாமான் தொலைத்தவர்கள் நிரப்புகிற தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளே எழுதினாள். தொலைந்த பொருள்: என் மாமியாருடைய தகப்பனாரின் மூன்றரை வருடம். தொலைந்த இடம்: தெரியாது. கடைசியாகக் கண்டவர்: அவர் மனைவி, துறைமுகத்தில். அந்தத் தாளைப் படியெடுத்து, அட்டையையும் படமெடுத்து, பழைய பட்டாளக் காகிதங்களை வைத்திருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினாள். அங்கே ஒரு அம்மா, வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு விண்ணப்பம் பார்த்ததில்லை என்று கைப்பட பதில் போட்டாள். அன்று முதல் இருவருக்கும் சிநேகம். சாயங்காலம் போனில் பேசிக்கொள்வார்கள், என் மகன் பசியோடு உட்கார்ந்திருப்பான்.

சிநேகம் வளர்ந்ததே தவிர அப்பா கிடைக்கவில்லை. முகாம் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றின் பட்டியலையும் அந்த அம்மா புரட்டினாள். முதல் ஆஸ்பத்திரியில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதின் பட்டியல் பாதி எரிந்திருந்தது, மீதிப் பாதியில் இல்லை. நான்காவதிலும் இல்லை என்று வந்தபோது இரண்டு வருடமும் எட்டு மாதமும் ஓடிவிட்டன.

செய்தி எப்படியோ வாத்தியார் அண்ணன் காதுக்குப் போனது. தடியை ஊன்றிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"பாப்பா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதே," என்றார். எண்பத்திரண்டு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். "அட்டை இருக்கு, ஆள் எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்ல. அப்ப சித்தப்பா பிடிபடவே இல்ல. எங்கயோ ஓடி ஒளிஞ்சுக்கிட்டு, யார் கையிலயோ ஒரு அட்டையைக் குடுத்து அனுப்பியிருக்கார். பலகையில அப்படி எழுத எனக்கு மனசு வரல. ஒண்ணுமே எழுதாம விட்டுடறேன்."

"எழுதாம விட்டா பலகையை உடைப்பேன்," என்றேன்.

"அதுக்கு நீ ஏணி ஏறணும்."

"ஏறுவேன்."

என் மகன் நடுவில் வந்து காபி கொடுத்து அவரை அனுப்பிவைத்தான். வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, எனக்கு உள்ளே ஆடிப்போய்விட்டது. ஆஸ்பத்திரிக்காரர் மகள் என்பதையாவது பொறுத்துக்கொண்டேன். ஓடிப்போனவர் மகள் என்று சாகவா? பிறந்த நாளுக்கு நான்கு மாதம்தான் இருந்தது. மருமகளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது; அன்றைக்கு நான் கேட்காமலே காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் சீட்டு வாங்க வரிசைக்குப் போனாள். அதற்குள் ஒரு நர்சுப் பெண் தாளோடு வந்துவிட்டது. துணைக்கு வந்தவர் எங்கே என்று கேட்டது. துணை எதற்கு, பேனாவைக் கொடு, எது என்னவென்று காட்டு, கோடு நான் போடுகிறேன் என்றேன். பாவம், அந்தப் பெண்ணும் விரல் வைத்து வைத்துக் காட்டியது. இது சர்க்கரை உண்டு, இது இல்லை, பொருந்தாததை அடிங்க பாட்டி. எனக்குச் சர்க்கரை இல்லை. 'இல்லை' மேல் நேராக ஒரு கோடு போட்டேன். ரத்த அழுத்தம் இல்லை, அதன் மேல் ஒரு கோடு. மூச்சு இரைப்பு, மயக்கம், வலிப்பு, இதயக் கோளாறு, எல்லாவற்றுக்கும் 'இல்லை' பார்த்துக் கோடு போட்டேன். என் கோடு கோணாது. அந்தப் பெண் பாதியிலேயே வேறு யாரோ கூப்பிட்டு ஓடிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் எனக்கு நடந்த மரியாதையைக் கேளுங்கள். சக்கர நாற்காலி வந்தது. இரண்டு பேர் தாங்கி உட்கார வைத்தார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒரு டாக்டர் வந்து கண்ணாடிச் சாமானைத் தொடுவது போல என் கையைத் தொட்டு, மூச்சு விட முடிகிறதா அம்மா என்று மெதுவாகக் கேட்டார். உங்களுக்கு முடிகிறதா என்று நான் கேட்டேன்.

மருமகள் சீட்டோடு வந்து அந்தத் தாளைப் பார்த்தாள். "என்ன அத்தை பண்ணி வச்சிருக்கீங்க? இதுப்படி பாத்தா நீங்க உயிரோட இருக்கறதே அதிசயம்."

"என்ன பண்ணிட்டேன்? எது உண்மையோ அது மேலதானே கோடு போடணும்? வேண்டாததை நான் எதுக்குத் தொடறேன்?"

"அடிச்சா அது இல்லன்னு அர்த்தம் அத்தை."

"அது உங்க ஊர் வழக்கம். எங்க அப்பா வேலைக்குப் போன நாளையெல்லாம் சுவத்துல கோடு போட்டுத்தான் வைப்பார். போகாத நாளைச் சும்மா விட்டுடுவார். கோடு போட்டா அது ஆச்சுன்னு அர்த்தம்."

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கூட்டத்தின் நடுவில், கண்ணில் கட்டுப் போட்ட ஆட்கள் எல்லாம் திரும்பும்படி, சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே என் சக்கர நாற்காலியை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அன்று கண் பார்க்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அட்டையை எடுத்தாள். மேசை மேல் வைத்து என்னை அருகில் உட்கார வைத்தாள்.

"யாரோ வரியைப் படிச்சுக் காட்ட, அவர் கோடு போட்டிருக்கார். உங்க அப்பா மாதிரியே படிக்கறேன், கேளுங்க. நலமாக இருக்கிறேன், ஒரு கோடு. தினமும் வேலை செய்கிறேன், ஒரு கோடு. ஆஸ்பத்திரி வரியை அவர் தொடவே இல்ல. நாமதான் அத்தை, ஆள் படுக்காத ஆஸ்பத்திரியில மூணு வருஷமா தேடியிருக்கோம்."

"மூணாவது வரி?" என்று கேட்டேன்.

அவள் அதைப் படிக்க முடியாமல் மூக்கை உறிஞ்சினாள். எனக்குத் தெரியும் என்ன வரி என்று. இரண்டு கோடு. ஒரு கோடு போதாது என்று நினைத்திருக்கிறார் மனிதர். இதைக் கேட்க அம்மா இல்லாமல் போனாளே என்று அழுதேன், கொஞ்ச நேரம்தான். பிறகு அம்மா அவருக்கு ஒரு வருடம் பாலும் முட்டையும் கொடுத்தது ஞாபகம் வந்தது. ஒரு நோயும் இல்லாத மனிதர் ஏன் எதற்கு என்று கேட்காமல் விழுங்கியிருக்கிறார். அதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளும் சேர்ந்துகொண்டாள்.

அன்றைக்கே காப்பகத்து அம்மாவுக்குப் போன் போனது. ஆஸ்பத்திரிப் பட்டியல் வேண்டாம், வேலைக் கூட்டங்களின் பட்டியலைப் பாருங்கள் என்று. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மரம் வெட்டும் முகாம் ஒன்றின் பட்டியலில் அப்பா பெயர் இருக்கிறது. ஆனால் ஒன்று இல்லை, இரண்டு. ஒரே பெயரில் இரண்டு ஆள், ஒரே முகாம், ஒரே வயது. தகப்பன் பெயர் எழுதுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. எண் இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், எண்ணைத்தான் பூச்சி தின்றுவிட்டதே.

மருமகள் அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். மீதியை எனக்குப் படித்துக் காட்டவில்லை. தன் அறையில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்க அப்பாகிட்ட வெளிய தெரியாத அடையாளம் ஒண்ணு சொல்லுங்க."

உயரம் என்றேன். அது எல்லோருக்கும் தெரியும் என்றாள். இடது கையில் ரம்பம் கிழித்த தழும்பு என்றேன். அதுவும் வெளியே தெரிவதுதான் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பெற்ற அப்பாவுக்கு நான் சாட்சி சொல்ல வேண்டுமா என்று கத்தினேன். அவள் அசையவில்லை. கரண்டி காணாமல் போன நாளில் உட்கார்ந்திருந்த அதே உட்காரல்.

கத்தி முடித்துவிட்டு யோசித்தேன். அப்பாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, அதை வெளியில் சொல்ல எங்களுக்கு வெட்கம். எங்கே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமோ அங்கே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். யாராவது முறைத்துக்கொண்டு அதிகாரமாகப் பேசினால் போதும், தோள் குலுங்க ஆரம்பித்துவிடும். முதலாளி கத்தும்போது சிரித்து இரண்டு முறை வேலை போயிருக்கிறது. துக்க வீட்டுக்கு அம்மா அவரை அழைத்துப் போகவே மாட்டாள். இதைத்தான் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டு.

மருமகள் தாளைப் பிரித்தாள். அதிகாரி குரலில் படித்தாள். முதல் ஆள்: போர்வையை விற்க முயன்றதற்காகப் பன்னிரண்டு நாள் தனியறை. இரண்டாம் ஆள்: காலைக் கணக்கெடுப்பின்போது சிரித்ததற்காக மூன்று நாள் தனியறை. மீண்டும் சிரித்ததற்காக ஐந்து நாள். மீண்டும் சிரித்ததற்காக ஏழு நாள்.

"எந்தச் சாமான் அத்தை உங்களுது?" என்று கேட்டாள்.

என் மகன் சமையலறையிலிருந்து ஓடி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் மேசையில் கவிழ்ந்து கிடந்தோம். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டானாம். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கும் தோள் குலுங்கியது. அது அப்படியே என் அப்பா தோள்.

வாத்தியார் அண்ணன் வீட்டுக்கு மூன்று பேருமாகப் போனோம். பலகை சுவரில் சாய்ந்திருந்தது, அப்பா பெயருக்குக் கீழே மட்டும் வெள்ளையாக. அவர் பூதக்கண்ணாடி வைத்துத் தாளைப் படித்தார், பிறகு அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். நான் அவரை நன்றாக நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் தலை நிமிர்ந்தபோது முகம் எட்டு வயதுப் பையன் முகம் போல இருந்தது.

"அப்ப நான் படிச்சது தப்பா?" என்று கேட்டார். "சித்தி என் முன்னாடிதான் அழுதாங்க. நான்தான் படிச்சேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது, இந்த மனிதர் இத்தனை வருடம் பிடித்துக்கொண்டு தொங்கியது எதை என்று. சேர்த்து வைத்த கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. மருமகள்தான் பதில் சொன்னாள்.

"நீங்க படிச்சது சரிதான் பெரிய மாமா. அதுல என்ன இருக்கோ அதைப் படிச்சீங்க. அவர்தான் கோட்டை மாத்திப் போட்டுட்டார்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். எனக்கு அது லேசான காரியம் இல்லை. "சரியாத்தான் படிச்சீங்க அண்ணே," என்றேன், மெதுவாக. காது கேட்காதவர் போல இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொல்லவில்லை.

பிறகு அவரே அட்டையைத் தூக்கிப் பிடித்து, வகுப்பில் வாசிப்பது போல முதலிலிருந்து வாசித்தார். நலமாக இருக்கிறேன். தினமும் வேலை செய்கிறேன். என் நினைவெல்லாம் உங்களோடு இருக்கிறது. அங்கே நிறுத்தி, "ரெண்டு கோடு," என்றார்.

பலகையில் இப்போது இருக்கும் வரி அவரே யோசித்துப் போட்டது: 'போர்க்கைதி. மரம் வெட்டியவர். சிரித்ததற்காக மூன்று முறை தண்டிக்கப்பட்டவர்.' பிறந்த நாளன்று அதன் முன்னால் நின்று ஒழுக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எனக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. மருமகள் தொடையில் கிள்ளினாள், அவள் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. அது எங்கள் ரத்தத்தில் வருவது, அவளுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் கிடைத்துவிட்டால் விண்ணப்பத்தை முடித்துக் கட்ட வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய தாளை எடுத்து வந்து என் முன் வைத்தாள். அடியில் இரண்டு சொல் இருக்கிறது, இடது பக்கம் 'கிடைத்தது', வலது பக்கம் 'கிடைக்கவில்லை', பொருந்தாததை அடிக்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டிச் சொன்னாள். பேனாவையும் கையில் கொடுத்தாள்.

எனக்கு இப்போது விதி தெரியும். அடித்தால் இல்லை என்று அர்த்தம். இருந்தாலும் இடது பக்கத்துச் சொல்லின் மேல் பேனாவை வைத்து, கோணாமல் நேராக ஒரு கோடு போட்டேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதன் மேலேயே இன்னொரு கோடும் போட்டேன்.

அவள் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள்.